தீப்பட்ட கரையோரப் பற்றைக்காட்டை மீண்டும் வளர்த்தல்

மன்னார்ப் பகுதியிற் சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஓரிடத்திற் பற்றிய நெருப்பு ஒரு பகற்பொழுதுக்குள் பல ஏக்கர்ப் பற்றைக்காட்டைக் கரியாக்கிவிடுதல் கூடும். மறுநாட் காலையில் அவ்விடத்தைப் பார்ப்பவர்க்குக் கருகிய கொம்புகளும் சாம்பர் படிந்த மணலுமே தென்படும். “இனி இந்நிலம் வெறும் நிலம், உழுதாலென்ன, ஆட்டை விட்டாலென்ன” என்று எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணம் தவறானது. எரிந்த பற்றைக்காடு பெரும்பாலும் இறந்துவிடுவதில்லை. அதன் உயிர் நிலத்தின்கீழ் ஒதுங்கியிருக்கின்றது. அவ்வுயிர் மேலெழுவதும் எழாமற்போவதும், தீக்குப் பின்வரும் ஒரு மாரியிலும் ஒரு கோடையிலும் மனிதர் செய்வதையே பொறுத்துள்ளன.

பற்றைக்காடு தம்முடையதன்று, ஆதலின் அதன் ஆக்கமும் அழிவும் தம்மைச் சாரா என்று நெற்செய்கையாளரும் தோட்டச் செய்கையாளரும் கருதலாகாது. கரையோரப் பற்றை அழிந்த இழப்பு முதலிற் சென்று சேருமிடம் அதன் பின்னாலுள்ள தோட்டமும் வயலுமேயாகும்.

நிலமும் காற்றும்

மன்னார் மாவட்டத்தின் கரைப்பகுதி இலங்கையின் மிக வறண்ட இரு நிலப்பரப்புக்களுள் ஒன்றைச் சேர்ந்தது. மற்றையது தென்கிழக்கே அம்பாந்தோட்டை, யால என்பவற்றை அடுத்துள்ளது. மன்னாரில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர், அதாவது 40 அங்குலம். அதன் பெரும்பகுதியும் ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையுள்ள வாடைக்காலத்திற் பெய்து முடிந்துவிடும். வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை மழை அரிது. அக்காலத்தில் தென்மேற்கிலிருந்து சோளகம் இடைவிடாது வீசும்.

தீவின் நிலம் பெரும்பாலும் மணலே. மணலுக்கு நீரைப் பிடித்துவைக்கும் ஆற்றல் குறைவு. ஊட்டப் பொருள்களைப் பிடித்துவைக்கும் ஆற்றலும் குறைவு. அந்நிலத்திற் பெய்யும் மழைநீர் கீழிறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. துரவுகளும் ஆழமற்ற கிணறுகளும் அந்நீரையே கொண்டுள்ளன. கத்தரி, மிளகாய், பயிற்றை, பூசணி முதலிய தோட்டப் பயிர்கள் இந்நீரைக் கொண்டே வளர்க்கப்படுகின்றன.

பெருநிலப்பரப்பில் மாந்தை மேற்கு, நானாட்டான் பகுதிகளில் நிலைமை வேறு. அங்குள்ள வயல்களுக்கு அருவியாற்றின் நீரைத் தேக்கம் அணை திருப்ப, கட்டுக்கரைக் குளம் சேர்த்து வழங்குகின்றது. எனினும் கடற்கரையை அண்டிய வயல்களுக்கும் காற்றும் உப்பும் பகையே.

இவ்விரு நிலத்துக்கும் கடலுக்கும் இடையில் நிற்பது பற்றைக்காடு. கடலுக்கு மிக அண்மையில் அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் மணலைப் பற்றிக்கொண்டு படர்கின்றன. அவற்றின் பின்னே தாழை, உகாய், கிளா, சூரை, இலந்தை, விடத்தல், உடை முதலியன செறிந்துள்ளன. இவற்றினூடே பனை உயர்ந்து நிற்கின்றது. விடத்தல்தீவு என்னும் ஊர்ப்பெயர் இம்மரங்கள் அந்நிலத்தோடு கொண்ட பழந்தொடர்பைக் காட்டும்.

பற்றை கமத்துக்குச் செய்யும் உதவி

முதலாவது உதவி காற்றைத் தணித்தல். மதிற்சுவர் காற்றைத் தடுக்கும்போது காற்று அதன்மேலாய் எழுந்து மறுபுறத்தே சுழன்று விழும். பற்றையோ காற்றிற் சிறு பகுதியைத் தன்னூடே செல்லவிட்டு, எஞ்சியதன் வேகத்தை அடக்குகின்றது. இத்தகைய தடுப்பு, தன் உயரத்தைப்போல் பத்து மடங்கு தூரத்துக்கேனும் பயனளிக்கும். பத்தடி உயரமான பற்றை நூறடி தூரம் வரையுள்ள பயிரைக் காக்கும் என்பது இதன் பொருள்.

இரண்டாவது உதவி மணலையும் உப்புத் துளிகளையும் மறித்தல். காற்றில் வரும் உப்பு முதலிற் பற்றையின் இலைகளிற் படிகின்றது. பறக்கும் மணல் பற்றையின் அடியில் விழுந்து தங்குகின்றது. பற்றை நீங்கினால் அம்மணல் தோட்டத்தின் பாத்திகளிலும் வாய்க்கால்களிலும் துரவுகளிலும் வந்து விழும்.

மூன்றாவது உதவி கண்ணுக்கு எளிதிற் புலப்படாதது. பூசணி, பாகல், புடோல் முதலிய கொடிகள் காய்ப்பதற்குத் தேனீக்களும் பிற பூச்சிகளும் மகரந்தத்தைக் கொண்டுசெல்லல் வேண்டும். தோட்டத்திற் பூ இல்லாத காலத்தில் அவை பற்றைக்காட்டின் பூக்களை உண்டே வாழ்கின்றன. வயலெலியைப் பிடிக்கும் ஆந்தையும் கீரியும் பாம்பும் அங்கேயே உறைகின்றன. பற்றையை எரித்தவர் இவ்வேலையாட்களையும் விரட்டியவராவர்.

தீ உண்டாகும் விதம்

வானத்து மின்னலால் இங்கு பற்றை எரிவது அரிது. மின்னல் பெரும்பாலும் மழையோடு வருவது. ஆதலின் கோடைத் தீ ஏறக்குறைய எப்பொழுதும் மனிதர் கையினாலேயே உண்டாகின்றது. காலபோகத்துக்கு முன் வயலெல்லையைத் துப்புரவாக்க இட்ட நெருப்பு காற்றோடு எல்லை தாண்டுகின்றது. தேன் எடுப்போர் புகைத்த பந்தம் அணையாமற் கிடக்கின்றது. இளம்புல் முளைக்கட்டும் என்று மேய்ப்போர் சிலர் வேண்டுமென்றே தீயிடுகின்றனர். வீசியெறியப்பட்ட சுருட்டுத் துண்டும் போதுமானதே.

இவற்றோடு அண்மைக்காலத்துக் காரணம் ஒன்றும் உண்டு. 2009 வரை நீடித்த போரினால் இடம்பெயர்ந்த கமக்காரர் பலர் மீண்டு வந்தபோது, தம் காணிகள் பற்றை மூடிக் கிடக்கக் கண்டனர். கூலிக்கு ஆள் வைத்துப் பற்றை வெட்டுவது செலவு மிக்கது. தீக்குச்சி ஒன்றின் விலையோ அற்பம். அவர்களது இடரை யாரும் மறுத்தல் இயலாது. ஆயினும் தம் காணியைத் திறப்பதற்கு இட்ட தீ, தம் காணியைக் காக்கும் பற்றையையும் சேர்த்துக் கொண்டுபோகுமாயின், மலிவாகத் தோன்றிய அவ்வழியே மிகுந்த செலவுடையதாகும்.

சாம்பர் எருவாகுமா?

எரித்த நிலத்தில் முதற்பயிர் செழிப்பாக வளரும் என்பது சேனைப் பயிர்ச்செய்கையிற் பழகியோர் அறிந்தது. சாம்பரில் பொட்டாசு, சுண்ணாம்பு, பொசுபரசு என்பன உள்ளமையே இதற்குக் காரணம். ஆனால் இக்கணக்கின் மறுபக்கத்தையும் பார்த்தல் வேண்டும். இலை, சருகு என்பவற்றில் இருந்த நைதரசனின் பெரும்பகுதி தீயின் சூட்டில் ஆவியாகிப் புகையோடு போய்விடுகின்றது. சேதனப் பொருளும் எரிந்துபோகின்றது. மணல் நிலத்தில் நீரைப் பிடித்துவைப்பது பெரும்பாலும் அச்சேதனப் பொருளேயாகும்.

களிமண் நிலத்திலாயின் சாம்பரின் சத்தை மண் ஓரளவு பற்றிக்கொள்ளும். மன்னார்த் தீவின் மணலில் அதுவும் இல்லை. தீக்கும் முதல் மழைக்கும் இடையில் சோளகம் சாம்பரை வாரிச் செல்லும். எஞ்சியதை முதற்பெருமழை வேருக்கு எட்டாத ஆழத்துக்குக் கரைத்துவிடும்.

எரித்துப் பயிரிடுதல் மண்ணுக்கு என் செய்யும் என்பது விவசாயத் திணைக்களத்தில் நெடுங்காலத்துக்கு முன்னரே ஆராயப்பட்டது. இரசாயன வல்லுநர் ஏ. டபிள்யூ. ஆர். யோக்கிம் என்பாரும் எஸ். கந்தையா என்பாரும், சேனைப் பயிர்ச்செய்கையும் அதன்பின் தானாக வளரும் காடும் மண்ணின் சேர்க்கையையும் அமைப்பையும் எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆராய்ந்து 1948இல் வெளியிட்டனர். சேனைநிலத்தைக் கைவிட்டபின் அதில் மீள வளரும் பற்றையும் ஆராயற்பாலதே என்று அவர்கள் கொண்டமை கருதத்தக்கது. எரிந்த நிலத்துக்கு இழந்த சேதனப் பொருளைச் செலவின்றி ஈட்டிக்கொடுப்பது அவ்வாறு மீள எழும் பற்றையின் இலையும் வேருமேயாகும்.

நிலத்தின்கீழ் எஞ்சும் உயிர்

விரைந்து ஓடும் தீ மேலே எவ்வளவு சூடாயிருப்பினும் மண்ணில் ஓரிரு அங்குலத்துக்குமேல் அச்சூடு இறங்குவதில்லை. மண் சூட்டை எளிதிற் கடத்தாத பொருளாகும். ஆதலின் சூரை, இலந்தை, கிளா, விடத்தல், உகாய், வேம்பு முதலியவற்றின் அடிக்கட்டையிலும் வேரிலும் உள்ள உறங்கும் அரும்புகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். விடத்தல் வேரிலிருந்தே பல கன்றுகளை விடும் இயல்பினது. அவரைக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றின் கடினமான விதைகள் சூட்டினால் தோல் வெடித்து, மழை கண்டவுடன் முளைக்கும்.

பனையின் இயல்பு வியக்கத்தக்கது. பனங்கொட்டை முளைக்கும்போது முளை மேல்நோக்கி எழாமல் முதலில் நிலத்துக்குள் இறங்குகின்றது. பனங்கிழங்கு கிண்டுவோர் இதனை நன்கறிவர். ஆதலின் இளம் வடலியின் குருத்து சில ஆண்டுகள் மண்ணின் காப்பிலேயே இருக்கும். ஓலை எரிந்தாலும் புதிய ஓலை வரும். முதிர்ந்த பனையின் குருத்தோ தீக்கு எட்டா உயரத்தில் உள்ளது. ஓலையெல்லாம் கருகிய பனையை இறந்ததென்று கருதித் தறித்தல் பெரும் பிழையாகும். குருத்து வருகின்றதா என்று ஓராண்டேனும் பார்த்திருத்தல் வேண்டும்.

எனினும் இவ்வுயிருக்கும் எல்லை உண்டு. அடிக்கட்டை புதுத்தளிர் விடுவது, வேரிற் சேமித்து வைத்த மாப்பொருளைக் கொண்டாகும். அச்சேமிப்பு வீட்டுக் குதிரிலுள்ள நெல்லைப் போன்றது. முதற்தளிரை ஆடு தின்றால் அது மீண்டும் எடுத்துச் செலவிடும். இரண்டாம் முறையும் தின்றால் குதிரின் அடி தெரியும். அடுத்த கோடையில் மறுபடியும் தீ வருமாயின் எடுப்பதற்கு ஒன்றும் இராது. பற்றையைக் கொல்வது பெரும்பாலும் முதற்தீயன்று. அதன் பின்வரும் மேய்ச்சலும் இரண்டாந் தீயுமே.

ஆராய்ச்சிகள் காட்டிய வழி

எரிந்தும் வெட்டியும் அழிந்த காட்டை எவ்வாறு மீட்பது என்பதற்கு இலங்கையின் வறண்ட வலயத்திலேயே நற்சான்று ஒன்றுண்டு. தேயிலைத் தோட்டத்துரையாயிருந்த சாம் பொப்பம் என்னும் ஆங்கிலேயர் 1963இல் தம்புள்ளைக்கு அண்மையிற் சேனை செய்து கைவிடப்பட்ட பற்றைநிலம் ஒன்றை எடுத்து மரச்சோலை அமைக்க முற்பட்டார். அவர் நட்ட கன்றுகள் வறட்சியைத் தாங்கவில்லை. ஆனால் பற்றையினுள்ளே தாமாக முளைத்திருந்த மரக்கன்றுகள் அதே வறட்சியிற் பிழைத்து நிற்றலை அவர் கவனித்தார். அதன்பின் நடுவதை விட்டு, அக்கன்றுகளை நெருக்கிய முட்பற்றையை மட்டும் வெட்டி, அவற்றுக்கு ஒளியும் இடமும் கொடுத்தார். நாளடைவில் முதிரை, கருங்காலி, பாலை முதலிய மரங்கள் கொண்ட காடு அங்கு எழுந்தது. அச்சோலை பின்னர் அடிப்படை ஆராய்ச்சி நிறுவகத்தின் பொறுப்புக்கு வந்தது. அதிற் கற்கத்தக்க பாடம் ஒன்றே: எது தானாக வருகின்றதென்று முதலிற் பார்த்தல் வேண்டும், பின்னரே கையை வைத்தல் வேண்டும்.

தளிரை விலங்குகள் மீண்டும் மீண்டும் கடித்தால் யாது நிகழும் என்பதற்கு, மன்னாரைப் போன்றே வறண்ட தென்கிழக்குக் கரையிற் சான்றுண்டு. உறுகுணைத் தேசிய வனத்தில் யானைகள் ஒடித்து மேய்வதால் மரங்களின் முடிகள் எவ்வாறு உருமாறுகின்றன என்பதை டீற்றர் மில்லர்-டொம்போய்சு என்னும் தாவரச் சூழலியல் அறிஞர் ஆராய்ந்து 1972இல் வெளியிட்டார். மன்னார்த் தீவில் யானை இல்லை. ஆனால் ஆடும் கட்டாக்காலி மாடும் கட்டாக்காலிக் கழுதையும் உள்ளன. தீக்குப் பின்னர் எழும் தளிரோ அவற்றின் வாய்க்கு எட்டும் உயரத்திலேயே உள்ளது.

பிறநாட்டு அனுபவமும் இதனோடு ஒத்துள்ளது. அவுஸ்திரேலியாவிற் புரோக்கன் ஹில் என்னும் சுரங்க நகரைச் சூழ்ந்த நிலம், விறகுக்கு மரம் வெட்டியும் கால்நடையும் முயலும் மேய்ந்தும் வெறுமையாகி, நகரின்மேல் மணல் வந்து குவிந்தது. அல்பேட் மொறிஸ் என்பாரின் தூண்டுதலால் 1936 தொடக்கம் நகரைச் சுற்றியுள்ள நிலம் வேலியிட்டு அடைக்கப்பட்டது. மழை பெய்ததும் அந்நாட்டுச் செடிகள் பெரும்பாலும் தாமாகவே எழுந்து மணலைத் தடுத்தன. அந்நாட்டிலேயே சிட்னித் துறைமுகத்தை அடுத்த பற்றைக்காட்டில் யோன் பிரட்லி, ஐலீன் பிரட்லி என்னும் சகோதரிகள் 1960களில் மூன்று விதிகளைக் கைக்கொண்டனர். நல்ல இடத்திற் தொடங்கிக் கெட்ட இடத்தை நோக்கி வேலை செய்தல். மண்ணை இயன்றளவு கிளறாதிருத்தல். மீள முளைக்கும் செடிகளின் வேகத்துக்கு மிஞ்சிக் களையெடுக்காதிருத்தல் என்பன அவை.

மன்னார், தம்புள்ளையிலும் மழை குறைந்த இடம், மண்ணும் மெலிந்தது. ஆதலின் இங்கு பற்றை மீள்வது மெதுவாகவே நிகழும். ஆனால் முறை ஒன்றே.

மன்னாருக்கு ஏற்ற வேலைமுறை

தீ அணைந்த முதல் வாரம்: எரிந்த இடத்தைச் சுற்றி நடந்து எல்லையை அறிதல் வேண்டும். புகையும் கட்டைகளை மணலிட்டு அணைத்தல் வேண்டும். கருகிய கொம்புகளைக் குவித்து மறுபடியும் கொளுத்தலாகாது. ஓடும் தீ கொல்லாத வேரையும் விதையையும் குவியலின் நீடித்த சூடு கொன்றுவிடும். போர்நடந்த இடங்களில் ஐயத்துக்கிடமான இரும்புப் பொருள் எதுவும் காணப்படின் அதனைத் தொடாது, உடனே பொலிசாருக்கு அறிவித்தல் வேண்டும்.

மழைக்கு முன்: உழுதலும் மண்வெட்டியாற் கொத்துதலும் தவிர்க்கப்படல் வேண்டும். நின்றெரிந்த கொம்புகளை அப்படியே விடுதல் நன்று. அவை காற்றின் வேகத்தைச் சிறிதேனும் குறைக்கும், பறவைகள் வந்தமர்ந்து விதைகளை எச்சமிடவும் உதவும். மணல் நகரத் தொடங்கிய இடங்களில் பனங்கருக்கையும் ஓலையையும் வெட்டிய கிளைகளையும் கொண்டு, காற்று வரும் திசைக்குக் குறுக்கே தாழ்ந்த வரிசைகள் அமைத்தல் வேண்டும். வரிசைகளில் இடைவெளி இருத்தல் குற்றமன்று. காற்று ஊடே சென்றால்தான் மணல் அடியில் விழும்.

ஆடி தொடக்கம் புரட்டாதி வரை பனம்பழம் விழுங் காலமாகும். பழைய பனைகள் அழிந்த இடங்களில் பனங்கொட்டைகளை அப்பொழுதே நேரே மண்ணிற் புதைத்துவிடலாம்.

முதல் மாரியில்: இதுவே முழு வேலைக்கும் உயிர்நிலை. தளிர் எழும் இடத்தை அலம்பல் வேலியினால் அடைத்து ஆடு மாடுகளை விலக்குதல் வேண்டும். முழு நிலத்தையும் அடைக்க இயலாவிடின், தோட்டத்துக்கு நேரே காற்று வரும் பக்கத்தை முதலில் அடைத்தல் வேண்டும். கடலோர மணலில் இராவணன் மீசையும் அடம்பனும் அழிந்திருப்பின், அண்மையிற் செழித்த இடத்திலிருந்து அடம்பன் கொடித்துண்டுகளைச் சிறிதளவாக எடுத்து, மழை தொடங்கியதும் கணுக்கள் மண்ணுள் இருக்குமாறு புதைக்கலாம். ஒவ்வொரு கணுவும் வேர்விடும். “அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு” என்னும் முதுமொழி மணல் தடுப்பில் மெய்யாகவே பொருந்துவது.

இரண்டாம் ஆண்டில்: ஒரே அடிக்கட்டையிற் பல தளிர்கள் நெருங்கியிருப்பின், மரமாகத்தக்கவற்றில் வலிய ஒன்றிரண்டை விட்டு ஏனையவற்றை வெட்டி ஆட்டுக்கு உணவாக இடலாம். மரக்கன்றை மூடிய முட்கொடியை மட்டும் நீக்கலாம். தானாக ஒன்றும் எழாத வெற்றிடங்கள் இப்பொழுதே தெளிவாகப் புலப்படும். கன்று நடுவதாயின் அவ்வெற்றிடங்களிலேயே நடுதல் வேண்டும். அவ்விடத்துக்குரிய மரங்களின் கன்றுகளையே நடுதல் வேண்டும்.

மேய்ப்போரின் இடர்

ஆடு வளர்ப்போர்க்குத் தீயின் பின் எழும் பசுந்தளிர் பெருங்கவர்ச்சியுடையது. கோடையில் உணவின்றி மெலிந்த மந்தையை அதிலிருந்து விலக்கச் சொல்வது எளிதன்று. ஆதலின் விலக்குக் கூறுவதோடு அமையாது, ஊரவர் கூடி ஒழுங்கொன்று செய்தல் வேண்டும். எரிந்த நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்துக் காற்றுக் காப்புக்கு இன்றியமையாத பகுதியை மூடலாம். எரியாத நிலத்தில் மேய்ச்சலை முறைவைத்து நடத்தலாம். வயல்களில் எஞ்சும் வைக்கோலைக் கொளுத்தாமல் மந்தைக்காரர்க்குக் கொடுக்கலாம். வைக்கோல் கொடுப்பவர் தம் தோட்டத்துக்கு மறைப்பையும், கிடைகட்டும் எருவையும் ஈடாகப் பெறுவர்.

சீமைக் கருவேலைப் பற்றிய எச்சரிக்கை

தீக்குப் பின் எழும் பச்சை எல்லாம் நன்மையன்று. சீமைக் கருவேல் வெற்று நிலத்தைக் கண்டால் முந்திக்கொள்ளும். அதன் இனிய நெற்றுக்களை உண்ட மாடும் ஆடும் கழுதையும் விதைகளைச் சாணத்தோடு தொலைவுக்குக் கொண்டுசெல்கின்றன. எரிந்த நிலத்துக்குள் கால்நடையை விடலாகாது என்பதற்கு இஃது இன்னுமொரு காரணம். பூந்தளைத் தேசிய வனத்தில் இம்மரம் பரந்து மேய்ச்சல் நிலத்தையும் நீர்க்கரைகளையும் மூடியது யாவரும் அறிந்தது.

இதனை முதலாம் ஆண்டிலேயே, மண் ஈரமாயிருக்கும்போது, வேரோடு பிடுங்குதல் வேண்டும். வளர்ந்ததை நிலமட்டத்தில் வெட்டினாற் பயனில்லை. அடியிலிருந்து பல கிளையாக மீண்டும் எழும். வேர்க்கழுத்துக்குக் கீழே வெட்டி எடுத்தல் வேண்டும். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் நீக்கி மணலை வெறுமையாக்கலாகாது. நாட்டுச் செடிகள் நிறைந்த இடத்தின் ஓரத்திலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக முன்னேறுதல் வேண்டும். வெட்டிய கிளைகளை மணற்றடுப்புக்குப் பயன்படுத்துவதாயின் அவற்றில் நெற்று இல்லாதிருத்தலை உறுதிசெய்தல் வேண்டும்.

கமக்காரர் தாமே செய்யக்கூடிய சோதனை

ஆராய்ச்சி என்பது ஆய்வுகூடத்தில் மட்டும் நிகழ்வதன்று. எரிந்த நிலத்தில் ஒன்றுபோற் தோன்றும் இரண்டு இடங்களைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் பத்தடிச் சதுரத்தை நான்கு முளைகளால் அடையாளமிடுதல் வேண்டும். ஒன்றை அலம்பலால் அடைத்து, மற்றையதைத் திறந்துவிடுதல் வேண்டும். மழை தொடங்கியபின் மாதமொருமுறை, இரண்டிலும் எத்தனை அடிக்கட்டைகள் தளிர்த்தன, எத்தனை விதைக்கன்றுகள் முளைத்தன, அவற்றின் உயரம் என்ன என்பவற்றைப் பாடசாலைக் கொப்பி ஒன்றிற் குறித்தல் வேண்டும். முளைக்கம்பில் அங்குலக் குறியிட்டு வைத்தால், மணல் எங்கே ஏறியது, எங்கே குறைந்தது என்பதும் தெரியும்.

அடுத்த சோளகம் ஓய்ந்தபின் இரு சதுரங்களையும் அருகருகே ஒப்பிட்டு நோக்கினால், ஊரவர்க்கு வேறு விரிவுரை வேண்டியதில்லை. அக்குறிப்பை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டினால், அவ்வூருக்கு ஏற்ற அடுத்த வேலை எதுவென்று கலந்தாராய்தல் எளிதாகும்.

தீ வராமற் காத்தல்

வயலெல்லைப் பற்றையை வெட்டியே நீக்குதல் சிறந்தது. வெட்டியதை எருக்குழியில் இட்டால் அது காலபோகத்துக்குச் சேதனப் பசளையாகும். வெட்டிய கிளைகள் வேலிக்கும் விறகுக்கும் ஆகும். வைக்கோலும் சருகும் மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு மூடுபடையாகி ஈரத்தைக் காக்கும்.

பற்றைக்காட்டுக்கும் கமத்துக்கும் இடையிற் பன்னிரண்டடி அகலமேனும் சருகு நீக்கிய பாதை ஒன்று கோடைக்கு முன் அமைக்கப்படல் வேண்டும். அதனை ஒருவர் தனித்துச் செய்வதிலும் கமக்காரர் அமைப்பினர் ஒருநாட் சிரமதானமாகச் செய்தல் இலகுவானது. சோளகம் வீசுங் காலத்தில் திறந்த வெளியில் நெருப்பிடலாகாது.

அரசாங்க ஒதுக்குக் காடுகளில் தீயிடுதல் சட்டப்படி குற்றமாகும். 2008இற் பிரகடனஞ் செய்யப்பட்டு, 2010இல் இராம்சார் ஈரநிலப் பட்டியலிற் சேர்க்கப்பட்ட வங்காலைச் சரணாலயம் போன்ற இடங்களில், செடி வெட்டுவதாயினும் நடுவதாயினும் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியைப் பெற்றே செய்தல் வேண்டும்.

முடிவுரை

பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தைக் காணப் பலர் வந்து செல்கின்றனர். அதன் பருமனும் முதுமையும் வியப்புக்குரியன. ஆனால் மன்னாரின் மணலை நாள்தோறும் பிடித்துவைத்திருப்பவை பெயர் கேட்கப்படாத சூரையும் கிளாவும் உகாயும் அடம்பனுமே. அவற்றைக் காண யாரும் வருவதில்லை. அவை இல்லாதபோது மட்டும் அவற்றின் அருமை தெரியவரும்.

எரிந்த பற்றைநிலத்துக்குக் கமக்காரர் கொடுக்க வேண்டியவை மூன்று. உழாமை ஒன்று, முதல் மாரியில் மேய்ச்சலை விலக்கல் இரண்டு, மறுதீ வராமற் காத்தல் மூன்று. இம்மூன்றும் பெரும் பணச் செலவின்றிச் செய்யத்தக்கன. வயலுக்கு வரம்பு எத்தகையதோ, கரையோரக் கமத்துக்குப் பற்றைக்காடும் அத்தகையதே. வரம்பு உடைந்தால் மறுநாளே கட்டும் கமக்காரர், எரிந்த பற்றையையும் அவ்வாறே கருதிக் காப்பாராயின், அடுத்த தலைமுறையின் தோட்டமும் துரவும் மணல் மூடாது நிலைத்திருக்கும்.